காட்பாடிக்கு அனுப்பிய ஊறுகாய்

நேற்று மாலை என் ஆய்வேட்டின் நான்காம் இயலை நெறியாளரிடம் மூன்றாம் முறையாக ஒப்படைத்தேன். முதல் இரண்டு முறையும் அதைத் திருப்பியவர் அவரல்லர். நானே கேட்டுத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். ஏன் என்று வினவிய ஆய்வு நண்பர்களுக்குத் தனித்தனியே விளக்குவதைவிட இங்கே ஒருமுறை எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது. பதிவு நீளமானது, பொறுத்தருள்க.

இணையவழி விற்கும் சிறு வணிகர்கள் தங்கள் சட்டக் கடமைகளை எவ்வாறு எதிர்கொள்கிறார்கள் என்பது என் ஆய்வுப் பொருள். களம், சித்தூர் மாவட்டம். 2022 ஏப்ரல் 4 அன்று அம்மாவட்டம் பிரிக்கப்பட்டுத் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. என் தலைப்பு அதற்கு முன்பே பதிவாகிவிட்டதால் காகிதத்தில் மட்டும் இன்னும் பழைய சித்தூர் மாவட்டம் உயிரோடிருக்கிறது.

இந்தத் தலைப்பை நான் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு தம்பதி காரணம். 2019ஆம் ஆண்டு, முதுகலை மாணவியாக இருந்தபோது, திருப்பதி இரயில் நிலையத்திற்கு எதிரிலுள்ள விஷ்ணு நிவாசத்தின் வாயிலில் அவர்களைக் கண்டேன். சேலத்திலிருந்து வந்திருந்தார்கள். கையில் அறை முன்பதிவு செய்ததற்கான அச்சுத்தாள். பணியாளர் தெலுங்கில் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார், அவர்களுக்குப் புரியவில்லை. இரு மொழியும் அறிந்தவள் என்பதால் நான் இடையில் நின்று மொழிபெயர்த்தேன். சொல்ல வேண்டியிருந்த செய்தி ஒன்றுதான்: இந்தத் தாள் தேவஸ்தானத்தின் தளத்திலிருந்து வந்ததன்று, இந்தப் பணம் தேவஸ்தானத்திற்கு வந்து சேரவில்லை. அந்த அம்மையார் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 'கோபுரப் படமெல்லாம் போட்டிருக்கே' என்றார். அந்தத் தாளில் கோபுரம் இருந்தது. கட்டண விவரம் இருந்தது. வாழ்த்துச் செய்தியும் இருந்தது. பணம் வாங்கியவர் யார், எந்த ஊரில் இருக்கிறார், யாரிடம் முறையிடுவது என்ற மூன்று செய்திகள் மட்டும் இல்லை.

போலித் தளங்கள் திருப்பதிக்குப் புதியனவல்ல. 2023 ஏப்ரலில் தேவஸ்தானம் அளித்த புகாரின்மேல் வழக்குப் பதிவானபோது, அது 41ஆவது போலித் தளம் என்று செய்தி வெளியாயிற்று. அந்தத் தளத்தின் முகவரியை உண்மை முகவரியோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். புள்ளி இருக்க வேண்டிய இடங்களில் சிறுகோடு. இறுதியில் அரசுத் தளங்களுக்குரிய ஒட்டுக்குப் பதிலாக வேறொன்று. அவ்வளவே. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கைப்பேசியில் பார்ப்பவருக்கு அந்தச் சிறுகோடு எங்கே தெரியப்போகிறது?

ஆகவே, 2020 ஜூலை 23 அன்று அறிவிக்கப்பட்ட நுகர்வோர் பாதுகாப்பு (மின்-வணிக) விதிகளின் நான்காம் விதியைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இணையத்தில் விற்கும் எந்த நிறுவனமும் தன் சட்டப் பெயரைத் தளத்தில் தெளிவாகக் காட்ட வேண்டும். தலைமையிடத்தின் முகவரியைக் காட்ட வேண்டும். மின்னஞ்சல், தொலைபேசி எண்களைத் தர வேண்டும் (தொலைநகல் எண்ணையும் விதி மறக்கவில்லை, 2020இல் தொலைநகல்!). குறைதீர் அலுவலர் ஒருவரை அமர்த்தி, அவருடைய பெயரையும் பதவியையும் தொடர்பு விவரத்தையும் வெளியிட வேண்டும். புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் அது கிடைத்ததை அவர் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். சேலத்து அம்மையாரின் தாளில் இல்லாதிருந்த மூன்றும் இங்கே சட்டமாகியிருந்தன. நான்காம் இயலின் முதல் வரைவு இந்த விதிக்குப் பாடிய பரணி என்றே சொல்லலாம். 'இவ்விதி சிறு வணிகர், பெரு வணிகர் என்ற வேறுபாடின்றி எல்லோரையும் ஒரே தட்டில் நிறுத்துவதே அதன் சிறப்பு' என்று அதில் எழுதினேன். அந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அத்தையின் கதை.

அத்தை, என் தந்தையின் தமக்கை, சித்தூரில் வாழ்கிறார். மாமா காலமான பிறகு ஊறுகாய் போட்டு அக்கம்பக்கத்தில் விற்கத் தொடங்கினார். சித்தூர் மாம்பழ மண். கிளிமூக்கு என்று நாமும் தோதாபுரி என்று ஆலைக்காரர்களும் சொல்லும் காய் அங்கே கொட்டிக் கிடக்கும். பெரும்பகுதி கூழ் ஆலைகளுக்குப் போகும். அத்தை அந்தக் காயில் தொக்கு செய்வார். ஆவக்காய்க்கு வேறு புளிப்புக் காய் தேடி வாங்குவார். நல்லெண்ணெயில் கை வைத்தால் அவர் சிக்கனம் பார்க்கமாட்டார். 2024 கோடையில் நான் ஊருக்குப் போனபோது, 'நீ இண்டர்நெட்டு வியாபாரத்தப் பத்தித்தானே படிக்கற பாப்பா, எனக்கு ஒண்ணு வெச்சுக் குடேன்' என்றார். ஐந்தாண்டு ஆய்வில் என் குடும்பத்தார் என்னிடம் கேட்ட முதல் பயனுள்ள வேலை அது.

திருப்பதியில் தளம் வடிவமைக்கும் மாணவர் ஒருவரைப் பிடித்தோம். நல்ல பிள்ளை, வேகமாகச் செய்து கொடுத்தார். முதல் பார்வையிலேயே தளத்தில் ஒரு கடிகாரம் ஓடியது: 'இன்னும் 2 பாட்டில்கள் மட்டுமே! 14 நிமிடங்களில் சலுகை முடிகிறது!' அத்தையின் சமையலறையில் அப்போது நாற்பது பாட்டில்கள் இருந்தன. எல்லாத் தளங்களிலும் இப்படித்தான் வைப்பார்கள் அக்கா என்றார் அவர். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட இருண்ட உத்திகள் குறித்த வழிகாட்டுநெறிகளில் 13 வகை ஏமாற்றுகள் பட்டியலிடப்பட்டுள்ளன. பொய் அவசரம் காட்டுவது அவற்றுள் ஒன்று என்று அவருக்கு ஒரு சிறு விரிவுரை நிகழ்த்தி, கடிகாரத்தை எடுக்கச் செய்தேன். வாங்குபவர் தேர்ந்தெடுக்காத அப்பளக் கட்டு ஒன்று கூடையில் தானாகச் சேர்வதையும் நிறுத்தினோம். அதுவும் பட்டியலில் உண்டு. அன்று என்னைக் குறித்து எனக்கே பெருமையாக இருந்தது.

அடுத்து லேபிள். இங்கே ஒரு செய்தியை மொழித்துறை நண்பர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். அத்தை லேபிளைத் தமிழிலும் தெலுங்கிலும் எழுதி வைத்திருந்தார். அவருக்குத் தெரிந்த மொழிகள், வாங்குவோருக்குத் தெரிந்த மொழிகள் அவைதாம். ஆனால், பொதிந்த பொருள்களுக்கான 2011ஆம் ஆண்டு எடையளவு விதிகளின்படி, தயாரிப்பாளர் பெயர், முகவரி, நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை முதலிய விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருந்தாக வேண்டும். பிற மொழிகள் கூடுதலாக இருக்கலாம். தனித்து நிற்க முடியாது. சித்தூர்ச் சமையலறையில் தமிழ் பேசும் ஒருவர் செய்து, தெலுங்கு பேசும் அண்டை வீட்டாருக்கு விற்கும் பாட்டிலில், அவ்விருவருக்கும் வேண்டிய எழுத்து சட்டத்தின் பார்வையில் அலங்காரம். இதற்கு நேர்மாறாக, 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவருடைய விவரங்களைப் பெறுமுன் தரும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள எந்த மொழியிலோ படிக்கும் வாய்ப்பை அவருக்குத் தர வேண்டும் என்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. பெரும்பாலான கடமைகள் படிப்படியாகவே நடைமுறைக்கு வருகின்றன. ஒரே ஊறுகாய்ப் பாட்டிலுக்கு உள்ளே இருப்பதைத் தமிழில் மட்டும் சொல்ல முடியாது. அதை வாங்குபவரின் தொலைபேசி எண்ணை ஏன் கேட்கிறோம் என்பதைத் தமிழில் சொல்லியாக வேண்டிய நிலை வரும். இரண்டும் ஒரே நாடாளுமன்றத்தின் சட்டங்களிலிருந்து பிறந்தவை.

உணவுப் பதிவு எளிதாகவே முடிந்தது. ஆண்டு விற்றுமுதல் 12 லட்சத்துக்குள் இருப்பவருக்கு அப்போது உரிமம் தேவையில்லை, பதிவு போதும், கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். பதினான்கு இலக்க எண்ணை அத்தை மனப்பாடமே செய்துவிட்டார். இணையவழி உணவு வணிகத்துக்கு மத்திய உரிமம் வேண்டும் என்றொரு வகையும் உண்டு. அது பிறர் பொருளை விற்கும் தளங்களுக்கு மட்டுமா, தன் பொருளைத் தானே விற்பவருக்குமா என்று களப்பணியில் ஏழு ஆலோசகர்களிடம் கேட்டேன். மூன்று விதமான விடைகள் கிடைத்தன. அதற்குத் தனி இயலே எழுதலாம், எழுதப்போவதில்லை.

பிறகு, தளத்தின் அடியில் வரும் அந்தச் சிறிய எழுத்துப் பக்கங்கள்: பயன்பாட்டு நிபந்தனைகள், தனியுரிமைக் கொள்கை, திருப்பியளித்தல் கொள்கை. இவற்றை நான் எழுதித் தருவதாக ஏற்றுக்கொண்டேன். அப்போது கருத்தரங்கக் கட்டுரை ஒன்றுக்குக் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. ஓரிரவில் வேலையை முடித்தேன். எவ்வாறு முடித்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லாமல் இப்பதிவுக்குப் பொருளில்லை. பிரிட்டனைச் சேர்ந்த ஓர் ஆடைக் கடையின் தளத்திலிருந்து மூன்று பக்கங்களையும் நகலெடுத்து, கடைப்பெயரை மட்டும் மாற்றி ஒட்டினேன். தளங்களின் நிபந்தனைகளைக் குறித்து ஆய்வு செய்கிறவள் நான். களப்பணியில் சந்தித்த 38 சிறு விற்பனையாளர்களில் பெரும்பாலோர் வேறு தளத்திலிருந்து நகலெடுத்தவர்கள் என்று அட்டவணை போட்டுக் கண்டித்தவளும் நானே. குறைதீர் அலுவலர் என்ற இடத்தில் என் பெயரையும் மின்னஞ்சலையும் இட்டேன். அத்தைக்கு மின்னஞ்சல் பழக்கமில்லை.

ஓராண்டு தளம் நன்றாகவே ஓடியது.

2025 ஜூலையில் களப்பணிக்காகப் பலமநேர் பக்கம் போயிருந்தேன். அந்தக் கோடையில் தோதாபுரி விலை சரிந்து சித்தூர் முழுவதும் அதே பேச்சு. கூழ் ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய் தரவேண்டும், அரசு 4 ரூபாய் சேர்த்துத் தரும் என்று ஆந்திர அரசு அறிவித்திருந்தது. ஜூன் முதல் வாரத்தில் கர்நாடகத்திலிருந்து தோதாபுரி வருவதற்குச் சித்தூர் மாவட்ட நிர்வாகம் தடை விதித்தது. கர்நாடக முதல்வர் சித்தராமையா ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடுவுக்குக் கடிதமே எழுதினார். மாங்காய்க்கு மாநில எல்லை உண்டு என்பதை அந்த வாரங்களில் எல்லோரும் கண்டோம். நானும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். அது எனக்கும் சேர்த்து எழுதப்பட்ட செய்தி என்று தெரியவில்லை.

விடுதிக்குத் திரும்பி மின்னஞ்சலைத் திறந்தபோது, பதினொரு நாள்களுக்கு முன் வந்த ஒரு கடிதம் படிக்கப்படாமல் கிடந்தது. காட்பாடியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதியிருந்தார். நான்கு பாட்டில்கள் வாங்கியிருக்கிறார். ஒன்று வழியிலேயே உடைந்திருக்கிறது. மற்ற மூன்றும் எண்ணெய் கசிந்த நிலையில் வந்திருக்கின்றன. மகளின் வளைகாப்புக்காக வாங்கியவை. அவருடைய தமிழ் அழகாக இருந்தது. கோபம் எங்கும் உரத்து ஒலிக்கவில்லை. கடிதத்தின் இறுதிப் பகுதியை நான் பலமுறை படித்தேன். தளத்திலுள்ள கொள்கையின்படி 14 நாள்களுக்குள் காரணம் கூறாமலே பொருளைத் திருப்பித் தரலாம் என்றிருப்பதை அவர் எடுத்துக்காட்டியிருந்தார். தகராறு எழுந்தால் இங்கிலாந்து மற்றும் வேல்ஸ் நீதிமன்றங்களே விசாரிக்கும் என்றிருப்பதையும் எடுத்துக்காட்டி, 'நான் இலண்டன் செல்ல இயலாதவன். வேலூர் நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்ல இயலும் என்று அறிகிறேன்' என்று எழுதியிருந்தார்.

அவர் அறிந்தது சரி. 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, நுகர்வோர் தாம் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குத் தொடர வழிசெய்கிறது. பழைய 1986ஆம் ஆண்டுச் சட்டத்தில் இந்த வசதி இல்லை. இந்த மாற்றத்தை நான்காம் இயலில் மூன்று பக்கங்களுக்குப் புகழ்ந்திருக்கிறேன். புகழ்ந்தபோது வழக்குப் போடுகிறவரின் நாற்காலியில்தான் எப்போதும் என்னை அமர்த்திக்கொண்டிருந்தேன். எதிர்வாதி நாற்காலியில் என் அத்தை அமர்ந்திருப்பார் என்றோ, அவர் அங்கே அமரக் காரணம் என் கவனக்குறைவாக இருக்கும் என்றோ நினைத்ததில்லை.

14 நாள் உரிமை பிரிட்டனின் சட்டத்திலிருந்து வந்தது; ஐரோப்பிய ஒன்றியத்திலும் அப்படியே. இந்திய விதிகளில் மனம் மாறினால் திருப்பித் தரலாம் என்ற பொது உரிமை இல்லை. பொருள் பழுதாயிருந்தாலோ, விளம்பரப்படுத்தியபடி இல்லாவிட்டாலோ, சொன்ன தேதி கடந்து வந்தாலோ திரும்பப் பெற மறுக்கக் கூடாது. ஆனால் சட்டம் தராத உரிமையை என் நகல் தந்துவிட்டது. தந்த சொல்லை மறுக்க முடியாது. அவருடைய பொருளோ பழுதுற்றும் இருந்தது. எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் அவர் பக்கமே நியாயம். 48 மணி நேரம் என்ற விதியை நான் பதினொரு நாள்களாக மீறியிருந்தேன்.

அத்தையிடம் தொலைபேசியில் சொன்னேன். நான் சட்டப் பிரிவுகளை அடுக்கிக்கொண்டிருக்கையில் அவர் இடைமறித்தார்: 'இன்னா பாப்பா இது, வளகாப்புக்கா வாங்குனாரு?' அவ்வளவுதான் கேட்டார். பிறகு ஆசிரியரின் எண்ணை வாங்கிக்கொண்டு தானே பேசினார். என்ன பேசினார் என்று எனக்கு முழுமையாகத் தெரியாது. மறுநாள் காலை சித்தூரிலிருந்து வேலூர் பேருந்தில் ஏறி, மடியில் ஐந்து பாட்டில்களோடு காட்பாடி போய் இறங்கியிருக்கிறார். பணத்தையும் திருப்பிக் கொடுத்திருக்கிறார்; ஆசிரியர் வாங்க மறுத்திருக்கிறார்; அத்தை மேசைமேல் வைத்துவிட்டு வந்திருக்கிறார். வழக்கு வரவில்லை. ஆசிரியர் எனக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில் தளத்தில் இருந்த எழுத்துப் பிழைகள் ஒன்பதைத் திருத்தி அனுப்பியிருந்தார்.

இதோடு முடிந்திருந்தால் இதை ஒரு நல்ல மனிதர்களின் கதையாகச் சொல்லிப் போயிருப்பேன். முடியவில்லை. பணத்தைத் திருப்பியதைக் கணக்கில் ஏற்ற உட்கார்ந்தபோதுதான் ஓராண்டு விற்பனையின் முகவரிகளை முதன்முறையாக வரிசையாகப் பார்த்தேன். காட்பாடி, குடியாத்தம், திருத்தணி, ஆரணி, அரக்கோணம், ஆம்பூர். பாதிக்குமேல் தமிழ்நாடு. பின்னங்கழுத்தில் வியர்த்தது.

வரி அறிந்தவர்களுக்கு இதற்குள் புரிந்திருக்கும். சரக்கு விற்பவருக்கு ஆந்திரத்தில் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்தைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம்; அத்தையின் விற்பனை அதன் நிழலைக்கூடத் தொடாது. ஆனால் வரிக்குரிய சரக்கை மாநிலத்துக்கு வெளியே விற்றால் அந்த வரம்பு பொருந்தாது. முதல் பாட்டிலுக்கே பதிவு வேண்டும். கைவினைப் பொருள்களுக்கு இதில் ஒரு விலக்கு உண்டு, ஊறுகாய்க்கு இல்லை. பெருந்தளங்களின் வழியே விற்கும் சிறியவர்களுக்கு 2023 அக்டோபர் 1 முதல் வந்த சலுகையும் ஒரே மாநிலத்துக்குள் விற்போருக்கு மட்டும். எளிய வரியாகச் செலுத்தும் தொகுப்புத் திட்டத்தில் சேரலாமா என்றால், மாநில எல்லையைத் தாண்டி விற்பவருக்கு அந்தக் கதவும் இல்லை.

அத்தையின் வீட்டிலிருந்து 800 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள ஸ்ரீகாகுளத்துக்கு ஊறுகாய் அனுப்பினால் பதிவு வேண்டாம். ஏறத்தாழ 35 கிலோமீட்டரிலுள்ள வேலூருக்கு அனுப்பினால் வேண்டும். அதே வேலூர்க்காரர் பேருந்தேறி வந்து அத்தையின் திண்ணையில் வாங்கிக்கொண்டு போனால் அது மாநிலத்துக்குள் நடந்த விற்பனை.

இந்த இடத்தில் வரலாற்றுத் துறை நண்பர்கள் புன்னகைக்கக் கூடும். சித்தூர் மாவட்டமே 1911இல் வடஆற்காட்டின் பகுதிகளைக் கொண்டு உருவாக்கப்பட்டது. 1953இல் ஆந்திரம் பிரிந்தபோது அது முழுதாக அங்கே போயிற்று. ம.பொ.சி. நடத்திய எல்லைப் போராட்டத்துக்குப் பின், படாஸ்கரின் பரிந்துரையின்படி 1959இல் சட்டம் இயற்றப்பட்டு, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. சித்தூர், திருப்பதி ஆந்திரத்திலேயே நின்றன. எங்கள் குடும்பம் அந்தக் கோட்டின் வடபுறத்தில் தங்கிவிட்டது. திருமணங்கள், மருத்துவமனை, திரைப்படம் எல்லாம் தென்புறத்தோடுதான். அறுபத்தைந்து ஆண்டுகளாக அந்தக் கோடு எங்கள் வீட்டில் ஒரு பழைய அரசியல் கதை. பாட்டனார் பேசுவார், நாங்கள் கேட்டுக்கொண்டு சாப்பிடுவோம். அது உயிரோடிருக்கிறது என்பதை எனக்குக் காட்டியது ஓர் அனுப்புகை முகவரிப் பட்டியல்.

வரி ஆலோசகர் ஒருவரிடம் போனோம். இரண்டு வழிகள் என்றார். தளத்தில் தமிழ்நாட்டு அஞ்சல் குறியீடுகளைத் தடுத்துவிட்டு ஆந்திரத்துக்குள் மட்டும் விற்பது. அல்லது பதிவு பெற்று, கடந்த ஓராண்டுக்குரிய வரியையும் வட்டியையும் கட்டி, இனி முறையாகக் கணக்குத் தாக்கல் செய்வது. கணக்குத் தாக்கல் செய்து தர அவருக்கு மாதந்தோறும் ஒரு தொகை. அது அத்தையின் மாத இலாபத்தில் ஆறில் ஒரு பங்கு. நான் முதல் வழியையே வற்புறுத்தினேன். எல்லாக் கணக்கும் அதைத்தான் காட்டிற்று. அத்தை சற்று நேரம் பேசவில்லை. பிறகு, 'வேலூரு ஜனத்துக்கு இல்லன்னு சொல்லிட்டு விசாகப்பட்டினத்துக்கு ஊறுகா போடறதா? அவங்களுக்கு அவங்க ஊர்லயே நல்ல ஊறுகா கெடைக்கும்' என்றார். அதில் உணர்ச்சி மட்டும் இருந்தது என்று எண்ண வேண்டா. சந்தை பற்றிய தெளிவும் இருந்தது. ஆவக்காயின் தாயகத்துக்கு ஆவக்காய் விற்பதைவிட அரக்கோணத்துக்கு விற்பது எளிது. பதிவு பெற்றோம். பழைய வரியையும் வட்டியையும் கட்டினோம். என் ஆய்வு உதவித்தொகையிலிருந்து கட்ட முன்வந்தேன். அத்தை பாதியை ஏற்றுக்கொண்டார். தவறில் பாதிதான் உன்னுடையது என்று அதற்குப் பொருள் என எடுத்துக்கொள்கிறேன்.

இப்போது நான்காம் இயலுக்கு வருகிறேன். 'எல்லோரையும் ஒரே தட்டில் நிறுத்துவதே அதன் சிறப்பு' என்ற வாக்கியம். அதை அடித்துவிட்டு, சிறியவர்களுக்கு விலக்கு வேண்டும் என்று எழுதினேன். அது இரண்டாம் வரைவு. ஒரு வாரம் கழித்து அதையும் திரும்பப் பெற்றேன். சேலத்துத் தம்பதி நினைவுக்கு வந்தார்கள். அவர்களை ஏமாற்றியது பெருநிறுவனமன்று. யாரோ ஒரு சிறியவர், ஒரு கணினி, ஒரு சிறுகோடு. பெயரும் முகவரியும் காட்டும் கடமையிலிருந்து சிறியவர்க்கு விலக்கு என்றால், முதலில் அதில் ஒளிந்துகொள்பவர் அவராகத்தான் இருப்பார். காட்பாடி ஆசிரியருக்கு நியாயம் கிடைத்ததும் தளத்தில் ஒரு மின்னஞ்சலும் ஓர் ஊர்ப்பெயரும் இருந்ததனால்தானே?

பெரியவர்களிடம் விதி எப்படி வேலை செய்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2024 ஜனவரியில் அயோத்திக் கோயில் பிரசாதம் என்ற பெயரில் அமேசானில் இனிப்புகள் விற்கப்பட்டபோது, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அறிவிப்பு அனுப்பியது, அவை நீக்கப்பட்டன. 2009இலேயே புவிசார் குறியீடு பெற்ற லட்டு உள்ள ஊரில் இருந்துகொண்டு இதைப் படித்தபோது, இணையத்தில் பெயரைக் காப்பது எவ்வளவு கடினம் என்பது உறைத்தது. 2022இல் தரச்சான்று இல்லாத அழுத்தச் சமையற்கலன்கள் 2,265ஐ விற்க இடமளித்ததற்காக அதே நிறுவனத்துக்கு அவ்வாணையம் விதித்த அபராதம் 1 லட்சம் ரூபாய். அந்தத் தொகை அந்த நிறுவனத்தின் எந்தக் கணக்கில் தெரியும்? அத்தை கட்டிய வரியும் வட்டியும் அவருடைய ஒரு கோடைக்கால உழைப்பு.

மூன்றாம் வரைவில் நான் சொல்வது இது. நான்காம் விதியில் இரண்டு வகைக் கடமைகள் கலந்து கிடக்கின்றன. நான் யார், எங்கே இருக்கிறேன், என்ன விலை, கெட்டுப்போனால் என்ன செய்வேன் என்று சொல்லும் கடமைகள் ஒரு வகை. இவற்றுக்குப் பணம் வேண்டாம், ஒரு பக்கம் போதும். யாருக்கும் விலக்கு கூடாது. அலுவலரை அமர்த்துவது, மணிக்கணக்கில் கெடு வைப்பது போன்றவை மற்றொரு வகை. இவை தனியே ஆள் வைத்திருப்பவரை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. விதியின் முதல் வடிவம், இணையத்தில் விற்பவர் எல்லோரும் நிறுவனச் சட்டத்தின்கீழ் பதிவானவர்களாகவே இருக்க வேண்டும் என்று படிக்கும்படி இருந்தது. 2021 மே மாதத் திருத்தம்தான் அதைச் சரிசெய்தது. தனியொருவர் சமையலறையிலிருந்து விற்பார் என்பது விதி எழுதியவர்களின் கண்முன் முதலில் இல்லை. இந்த இரண்டாம் வகையில்தான் அளவு பார்க்க வேண்டும். ஜிஎஸ்டி எல்லைச் சிக்கல் என் இயலின் வரம்புக்கு வெளியே என்று நெறியாளர் கருதுகிறார். அடிக்குறிப்பாகவாவது வைக்கலாமா என்று கேட்டிருக்கிறேன். எல்லைப்புற மாவட்டத்துச் சிறு வணிகருக்கு அது அடிக்குறிப்பன்று என்பதை வாய்மொழித் தேர்வில் எப்படியாவது சொல்லிவிடுவேன்.

தளத்தின் மூன்று பக்கங்களையும் புதிதாக எழுதிவிட்டேன். இம்முறை தமிழிலும் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும். இலண்டன் நீதிமன்றம் போயிற்று. உடைந்து வந்தால் படமெடுத்து அனுப்புங்கள், மாற்றுப் பாட்டில் வரும் என்ற வாக்கியத்தை அத்தை சொல்லச் சொல்ல எழுதினேன். குறைதீர் அலுவலர் இடத்தில் என் பெயரை எடுத்துவிட்டு அவருடைய பெயரையும் கைப்பேசி எண்ணையும் இட்டிருக்கிறேன். 48 மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும் அத்தை என்றேன். 'எதுக்கு அவ்ளோ நேரம்?' என்றார்.

ஓர் உதவி வேண்டும். தனிநபர் விவரங்கள் குறித்த அறிவிப்பின் தமிழ் வடிவத்தில் இரண்டு சொற்களில் சிக்கியிருக்கிறேன். 'டேட்டா ஃபிடூஷியரி' என்பதற்குத் 'தரவுப் பொறுப்பாளர்' என்று இப்போதைக்கு வைத்திருக்கிறேன். நம்பி ஒப்படைக்கப்பட்டவர் என்ற பொருள் அதில் வரவில்லை. 'கன்சென்ட்' என்பதற்கு இசைவா, ஒப்புதலா? அத்தை 'சம்மதம்' போதும் என்கிறார். மொழித்துறை நண்பர்கள் பின்னூட்டத்தில் தெரிவித்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் தளத்தில் ஏற்றிவிடுவேன். காட்பாடி ஆசிரியருக்கும் ஒரு படி அனுப்பியிருக்கிறேன். அவருடைய திருத்தங்கள் இன்னும் வரவில்லை.